ஸ்ரீரங்கம்னு டைப் பண்ணா உள்ள என்ன நடக்குது?

இந்த வாரம் வரலாற்று எபிசோட். ஆனா ராஜா, போர், கோட்டை எதுவும் கிடையாது. இன்னிக்கு நம்ம ஹீரோ ஒரே ஒரு எழுத்து: ஸ்ரீ.

உங்க லேப்டாப்ல ஜிம்ப் இல்லன்னா இங்க்ஸ்கேப் இருந்தா திறங்க. டெக்ஸ்ட் டூலை எடுத்து 'ஸ்ரீரங்கம்'னு அடிங்க. சரியா வரும். இந்த 'சரியா வரும்'ங்கற ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி ஏறக்குறைய முப்பது வருஷ உழைப்பு இருக்கு. பெர்க்லி, ஈரான், ஓமான்னு அந்தக் கதை எங்கெங்கயோ சுத்தும். அதுல தமிழ் தெரியாத ஆட்கள்தான் அதிகம். தமிழ் தெரிஞ்சவங்க செஞ்ச வேலை ஒண்ணு இருக்கு. அது சின்ன வேலைதான், ஆனா அதை வேற யாராலயும் செஞ்சிருக்க முடியாது. அது என்னன்னு பார்ப்போம்.

நான் வளர்ந்தது ஸ்ரீரங்கம், படிச்சது திருச்சியில இன்ஜினியரிங், வேலை சாஃப்ட்வேர். அதனால எங்க ஊர் பேரையே டெஸ்ட் கேஸா எடுத்துக்கறேன்.

கல்லுல இருந்து ஆரம்பிப்போம்

ஸ்ரீங்கற வடிவம் கிரந்தத்துல இருந்து தமிழுக்கு வந்தது. சமஸ்கிருதத்தை எழுதறதுக்காகத் தென்னிந்தியாவுல புழங்கின எழுத்து கிரந்தம். திருச்சி மலைக்கோட்டையில 7-ஆம் நூற்றாண்டு பல்லவன் மகேந்திரவர்மன் குடைஞ்ச மேல்குகை இருக்கு இல்லையா, அங்க இருக்கற சமஸ்கிருதக் கல்வெட்டு இந்த எழுத்துலதான் இருக்கு. ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள் ஒரு தனி உலகம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையோட 24-ஆம் தொகுதி முழுக்க அந்த ஒரு கோயிலுக்குத்தான். தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய 'ஸ்வஸ்தி ஸ்ரீ'ன்னு தொடங்கும். அந்த ரெண்டு சொல்லும் கிரந்தத்துல, அதுக்கப்புறம் தமிழ் எழுத்துல.

ரெண்டு எழுத்து முறையை ஒரே வரியில கலந்து வெட்டின சிற்பிக்கு ஃபான்ட் பிரச்சினையே வரல. உளி எங்க போகுதோ அங்க எழுத்து. கம்ப்யூட்டருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் வேணும்.

பாமினி காலம்

90-கள்ல திருச்சியில கல்யாணப் பத்திரிகை அடிக்கற டிடிபி கடைகள்ல நடந்தது ஒரு புத்திசாலித்தனமான ஏமாத்து வேலை. அப்போ ஒரு ஃபான்ட்டுல மொத்தம் 256 இடம்தான். அந்த இடங்கள்ல ஆங்கில எழுத்தை எடுத்துட்டு, தமிழ் வடிவத்தை ஒட்டிடுவாங்க. பாமினி ஃபான்ட்டுல 'தமிழ்'னு வரணும்னா நீங்க அடிக்க வேண்டியது ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. திரையில தமிழ் தெரியும். ஃபைலுக்குள்ள இருக்கறது அர்த்தமில்லாத ஆங்கிலம்.

இதுல ஒரு வசதி இருந்துச்சு. கொம்பை நீங்களே முன்னாடி அடிப்பீங்க, எழுத்தைப் பின்னாடி அடிப்பீங்க. ஸ்ரீக்கு ஒரு தனி இடம் கொடுத்துட்டா ஒரே தட்டுல வந்துடும். போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் எதுக்கும் தமிழ்னு ஒரு மொழி இருக்கறதே தெரிய வேண்டாம்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனியும் ஒவ்வொரு இடத்துல எழுத்தை வெச்சாங்க. ஃபான்ட்டை மாத்தினா வாக்கியமே குப்பை. தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, வேற சிஸ்டத்துல திறக்க முடியாது. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் டேப், டேம்னு ரெண்டு குறியாக்கமும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாட்டோட தரநிலை ஆச்சு. இந்தக் குழப்பத்துக்கு ஒரு அணை கட்டப் பார்த்தாங்க. ஆனா கடைகள்ல பழைய ஃபான்ட்டுகள் போகவே இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு உறவுக்காரக் கல்யாணப் பத்திரிகைக்காக பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு கடையில உட்கார்ந்திருந்தேன். மேட்டர் எல்லாம் வாட்ஸ்அப்புல அனுப்பியாச்சு. அந்த அண்ணன் அதை ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு பழைய ஃபான்ட்டுக்கு மாத்திட்டு, பிழை பார்க்க ஆரம்பிச்சார். 'அப்படியே பேஸ்ட் பண்ணிடலாமே அண்ணே'ன்னேன். 'தம்பி, யூனிகோடு வாட்ஸ்அப்புக்கு. அச்சுக்கு அதை நம்ப முடியாது'ன்னார்.

அவர் சொன்னது சும்மா இல்ல. அதுக்குப் பின்னாடி பல வருஷ அனுபவம் இருக்கு. யூனிகோடு தமிழை உள்ள போட்டா கொம்பு இடம் மாறி நிக்கறதை அவர் கண்ணால பார்த்தவர். அது ஏன் அப்படி நின்னுச்சுங்கறதுதான் நம்ம கதையோட நடுப்பகுதி.

எழுத்து ஒண்ணு, நம்பர் நாலு

1991-ல யூனிகோடோட முதல் பதிப்பு வந்தப்பவே தமிழ் அதுல இருந்துச்சு. இந்திய அரசோட இஸ்கி தரநிலையை அடிப்படையா வெச்சு இந்திய எழுத்துகளுக்கு இடம் கொடுத்தாங்க. அந்த முறைப்படி கம்ப்யூட்டர் சேமிக்கறது நம்ம உச்சரிக்கற வரிசை. 'கெ'ன்னா முதல்ல க, அப்புறம் ஒற்றைக்கொம்பு. திரையில மட்டும் கொம்பு முன்னாடி வரணும். 'கொ'ன்னா ஒரே குறி ரெண்டா பிரிஞ்சு க-வுக்கு ரெண்டு பக்கமும் போய் நிக்கணும். ஸ்ரீன்னா ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. நாலு நம்பர், ஆனா ஒரே வடிவம்.

அப்போ நடுவுல ஒருத்தர் வேணும். நம்பர்களை வாங்கி, ஃபான்ட்டுல இருக்கற விதிகளைப் பார்த்து, எந்த வடிவம் எந்த இடத்துலன்னு முடிவு பண்ற ஆள். இதைத்தான் ஷேப்பிங் எஞ்சின்னு சொல்றோம். விண்டோஸ்ல தமிழுக்கு இது விண்டோஸ் 2000-லயே வந்துடுச்சு, லதா ஃபான்ட்டோட. ஆனா பெரிய டிசைன் மென்பொருள்கள் சொந்தமா ஒரு எழுத்து எஞ்சின் வெச்சிருந்ததால, அதுக்குள்ள தமிழ் உடைஞ்சுதான் வந்துச்சு. அடோபி இன்டிசைன்ல இந்திய எழுத்துகளுக்கு ஆதரவு வந்தது சிஎஸ்6 பதிப்புல, 2012-ல. யூனிகோடுல தமிழ் வந்து 21 வருஷம் கழிச்சு! கடைக்கார அண்ணன் நம்பாததுல என்ன தப்பு?

பெர்க்லியில ரெண்டு பசங்க

இப்போ கொஞ்சம் தூரமா போவோம். 1995. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ்னு ரெண்டு மாணவர்கள் படம் எடிட் பண்ற ஒரு மென்பொருள் எழுதறாங்க. அதுதான் ஜிம்ப். முதல்ல பட்டன், மெனுவுக்கெல்லாம் மோட்டிஃப்ங்கற கட்டண டூல்கிட்டைப் பயன்படுத்தினாங்க. அது பிடிக்காம சொந்தமா ஒண்ணு எழுதினாங்க, ஜிடிகே. ஒரு கிராஃபிக்ஸ் மென்பொருளோட இன்டர்ஃபேஸ் பிரச்சினையைத் தீர்க்க எழுதினது, 1997-ல ஆரம்பிச்ச க்னோம் டெஸ்க்டாப்புக்கே அஸ்திவாரம் ஆயிடுச்சு.

அந்த ஜிடிகேவுக்கு உலக மொழிகளை வரையத் தெரியணும்னு வந்த நூலகம் பாங்கோ. கிரேக்கத்துல 'பான்'னா எல்லாம், ஜப்பானியத்துல 'கோ'ன்னா மொழி. ஜிடிகே 2 வந்தது 2002-ல. ஜிம்ப் 2.0 வந்தது 2004 மார்ச்ல, பாங்கோவை வெச்சு எழுதின புது டெக்ஸ்ட் டூலோட. அதாவது இலவச மென்பொருள்ல தமிழுக்கான கதவு, இன்டிசைனுக்கு 8 வருஷம் முன்னாடியே திறந்துடுச்சு. கதவு திறந்துச்சுதான், ஆனா உள்ள நிறைய பக்.

பக்கெட்டும் க்ஷேத்திரமும்

ஒரு உதாரணம் சொல்றேன், இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ரெண்டு சொல்: 'பக்கெட்', 'க்ஷேத்திரம்'.

பக்கெட்ல கொம்பு எங்க நிக்கணும்? ரெண்டாவது க-வுக்கு முன்னாடி, புள்ளி வெச்ச க்-க்குப் பின்னாடி. க்ஷேத்திரத்துல? க்ஷங்கறது ஒட்டின ஒரே வடிவம். அதனால இரட்டைக்கொம்பு க்ஷ முழுசையும் தாண்டி இடது பக்கம் போய் நிக்கணும். கம்ப்யூட்டருக்கு ரெண்டுமே ஒரே கணக்குதான்: மெய், புள்ளி, மெய், கொம்பு. ஒண்ணுல ஒரு எழுத்தைத் தாண்டணும், இன்னொண்ணுல ரெண்டை.

இந்தி மாதிரி எழுத்துகள்ல கூட்டெழுத்து பாதி வடிவமா ஒட்டும், அதனால குறி மொத்தக் கூட்டத்தையும் தாண்டிப் போகும். அந்த விதியை அப்படியே தமிழுக்குப் போட்டா, பக்கெட்ல கொம்பு முதல் க்-க்கு முன்னாடி போய் நின்னுடும். படிக்கறவங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனா எழுதின டெவலப்பருக்கு? அவர் திரையைப் பார்ப்பார். அழகா, சுத்தமா சில வளைவுகள் தெரியும். தப்புன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

நான் வேலை பார்க்கற இடத்துல ஒரு பக் வந்தா எர்ரர் மெசேஜ் இருக்கும், லாக் இருக்கும், ஏதாவது கிராஷ் ஆகும். எழுத்து பக்ல அது எதுவும் இருக்காது. புரோகிராம் நல்லா ஓடும். தப்பு இருக்கறது வாசகரோட கண்ணுல மட்டும். அந்தக் கண்ணு தமிழ்க் கண்ணா இருந்தாத்தான் அது பக். இல்லன்னா அது வெறும் படம்.

ஆரம்பத்துல நான் சொன்ன அந்தச் சின்ன வேலை இதுதான். தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர், 'இது இப்படி வருது, இப்படி வரணும்'னு எழுதிக் கொடுக்கறது.

பத்து லட்சத்துல ஒண்ணு

பாங்கோ, கியூட்டி மாதிரி ஒவ்வொரு திட்டமும் தனித்தனியா இந்த பக்கைத் திருத்திட்டு இருந்தா விடிஞ்சுடும். எல்லாருக்கும் பொதுவா ஒரே ஷேப்பிங் எஞ்சின்னு வந்ததுதான் ஹார்ஃப்பஸ். அதைப் புதுசா எழுதினவர் ஈரான்ல பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பாரசீகம் மாதிரி எழுத்துகள் கம்ப்யூட்டர்ல படற பாடு தெரிஞ்சவர். பேரே 'திறந்த எழுத்து'ங்கறதுக்கான பாரசீகச் சொல்தான்.

தமிழ் தெரியாத ஒருத்தர் தமிழை எப்படி டெஸ்ட் பண்ணார்? விக்கிப்பீடியால இருந்து ஒவ்வொரு மொழியிலும் சொற்களை அள்ளிட்டு வந்து, ஒவ்வொண்ணையும் மைக்ரோசாஃப்டோட எஞ்சின்லயும் தன்னோட எஞ்சின்லயும் ஓட்டி, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்த்தார். ஒவ்வொரு திருத்தத்தோட குறிப்புலயும் அந்த மார்க் ஷீட் இருக்கும். அதுல ஒரு வரி என்னால மறக்க முடியாது. தமிழ்: 10,91,754 சோதனையில 10,91,753 பாஸ். ஒண்ணு ஃபெயில்.

அந்தப் பட்டியல்ல இந்தி, மராத்தியோட தேவநாகரிக்கு சுமார் 7 லட்சம் சொல், தமிழுக்குக் கிட்டத்தட்ட 11 லட்சம். விகுதி மேல விகுதி ஒட்டி நம்ம ஊர்ல சொல் பெருகிட்டே போகுமே! அந்தச் சொற்களை எழுதினது யார்? தமிழ் விக்கிப்பீடியாவுல ராத்திரி உட்கார்ந்து கட்டுரை தட்டின தன்னார்வலர்கள். தாங்க ஒரு ஷேப்பிங் எஞ்சினுக்கு டெஸ்ட் டேட்டா தயார் பண்றோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.

அந்த பக்கெட், க்ஷேத்திரம் விஷயமும் தீர்ந்துச்சு. ஹார்ஃப்பஸ் மூலநிரல்ல தமிழையும் மலையாளத்தையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, கொம்பு எங்க நிக்கணும்னு ஒரு தனி நிபந்தனை இருக்கு. போய்ப் பார்க்கலாம், திறமூலம்தானே.

2012-ல பாங்கோ ஹார்ஃப்பஸுக்கு மாறிடுச்சு. அதோட ஜிம்ப், இங்க்ஸ்கேப் ரெண்டுக்கும் அந்தப் பலன் வந்துச்சு. இன்னிக்கு ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாம் ஹார்ஃப்பஸ்தான். ட்விஸ்ட் என்னன்னா, போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் உள்ளயும் இப்போ அதுதான் இருக்கு. பொதுக் கிணத்துல தூர் வாரினா தெருவுக்கே தண்ணி.

ஒரே ஊர், ரெண்டு ஸ்பெல்லிங்

சரி, ஸ்ரீக்கு வருவோம். இது எஞ்சின் பக் இல்ல. யூனிகோடுலயே விழுந்த முடிச்சு. அந்த வடிவத்தோட மூல ஒலி ஸ இல்ல, ஶ. சக்தி, சிவன்ல வர்ற வடமொழி ஒலி. ஆனா அந்த ஶ எழுத்து தமிழ்ப் பகுதியில 2005 வரைக்கும் கிடையாது. அதனால ஸ-வை வெச்சு எழுதினோம். 2005-ல யூனிகோடு 4.1 ஶ-வைச் சேர்த்துச்சு. அன்னில இருந்து ஶ-வை வெச்சு எழுதறதுதான் சரியான முறைன்னு ஆச்சு. பழைய முறையும் போகல. ரெண்டும் திரையில ஒரே மாதிரி தெரியும், ஆனா உள்ள வேற வேற நம்பர்.

விளைவு? சுஜாதாவோட 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தெரியும்தானே. எங்க ஊர்ல வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல படிச்சு, பெல் நிறுவனத்துல இன்ஜினியரா இருந்தவர் எழுதின புத்தகம். அந்தத் தலைப்பை ஒரு முறையில அடிச்சுத் தேடினா, இன்னொரு முறையில அடிச்ச பக்கத்தை, ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாத ஒரு சிஸ்டம் காட்டாது. ஃபான்ட்டும் அப்படித்தான். ஒரு முறைக்கு மட்டும் விதி எழுதின ஃபான்ட்ல, இன்னொரு முறையில அடிச்சா ஸ்ரீ உடைஞ்சு தனித்தனி எழுத்தா நிக்கும். டிசைனர் 'சாஃப்ட்வேர் சரியில்ல'ன்னு திட்டுவார். குற்றவாளி ஃபான்ட். பக் எந்த அடுக்குல இருக்குன்னு கண்டுபிடிக்கறதே பாதி வேலை.

ஓமான்ல இருந்து ஒரு பரிசு

புத்தகம், பத்திரிகை வடிவமைக்க ஸ்கிரைபஸ்னு ஒரு திறமூல மென்பொருள் இருக்கு. ரொம்ப வருஷம் அதுக்குத் தமிழ் வராது. அதைச் சரி பண்ணினதுல பெரிய பங்கு ஓமான்ல இருக்கற ஒரு திறமூலக் குழுவுக்கு. அவங்களுக்குத் தேவைப்பட்டது அரபி. ஹார்ஃப்பஸை ஸ்கிரைபஸுக்குள்ள கொண்டு வந்தாங்க. 2017-ல 1.5.3 சோதனைப் பதிப்புல வந்துச்சு, 2024 ஜனவரியில 1.6 நிலையான பதிப்புல எல்லாருக்கும் கிடைச்சுது. அரபிக்காகப் போட்ட ரோட்டுல தமிழும் வண்டி ஓட்டுது. திருச்சி ஏர்போர்ட்ல இருந்து வளைகுடாவுக்குப் போற எத்தனையோ குடும்பங்களோட ஊர்ல உட்கார்ந்து இதைச் சொல்றப்ப, எனக்கு அது ரொம்பப் பொருத்தமாப் படுது.

எழுத்து வந்தா போதுமா?

போதாது. கடைக்கார அண்ணன் பக்கம் இருந்து பாருங்க. அவருக்கு எழுத்து சரியா வரணும், வேகமாவும் வேலை முடியணும். 2012-க்கு முன்னாடி ஜிம்ப்ல டெக்ஸ்ட்டை ஒரு தனிப் பெட்டியில அடிக்கணும், டூல் எல்லாம் ஆளுக்கொரு ஜன்னலா மிதக்கும். 2.8 பதிப்புலதான் படத்து மேலயே அடிக்கற வசதியும், எல்லாம் ஒரே ஜன்னல்ல இருக்கற வசதியும் வந்துச்சு.

ஃபிளெக்ஸ் பேனர் பார்த்திருப்பீங்க. மஞ்சள் எழுத்து, சுத்தி சிவப்பு அவுட்லைன், கீழ நிழல். ஜிம்ப் 2.10-ல அந்த அவுட்லைனுக்கு எழுத்தைப் பாதையா மாத்தி, தனி லேயர்ல கோடு போடணும். பேர்ல ஒரு எழுத்து மாறினா எல்லாம் முதல்ல இருந்து. 2025 மார்ச்ல வந்த 3.0-ல டெக்ஸ்ட் டூல்லயே அவுட்லைன் இருக்கு. நிழல் மாதிரி எஃபெக்ட் போட்ட பிறகும் எழுத்தைத் திருத்தலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கடைசி நிமிஷத்துல 'இனிஷியல் விட்டுப் போச்சு'ன்னு போன் பண்ற ஊர்ல, இது எவ்வளவு பெரிய விஷயம்னு டிசைனர்களுக்குத் தெரியும்.

இதுல நமக்கு என்ன வேலை?

நிறைய பேர் திறமூலம்னா கோட் எழுதணும்னு நினைச்சு ஒதுங்கிடறாங்க. இந்தக் கதையில தமிழ் சரியானதுக்கு கோட் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் சொன்னவங்களும், சொற்களைக் கொட்டி வெச்சவங்களும். பழைய ஃபான்ட்டுல அடிச்ச சிறுபத்திரிகை, கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர் எல்லாம் இன்னும் யாரோ ஒருத்தர் ஹார்ட் டிஸ்க்ல அர்த்தமில்லாத ஆங்கிலமா கிடக்கு. கடைகள் யூனிகோடை நம்பி அடிக்க ஆரம்பிச்சாத்தான் இனிமே வர்றதாவது தேடினா கிடைக்கும். அவங்க நம்பணும்னா உடையற இடம் ஒவ்வொண்ணும் மூடணும்.

அதனால இந்த வாரம் ஒரு பரிசோதனை. நீங்க பயன்படுத்தற எந்த டிசைன் செயலியா இருந்தாலும் அதுல இந்த நாலு சொல்லை அடிச்சுப் பாருங்க: ஸ்ரீரங்கம், பக்கெட், க்ஷேத்திரம், கொய்யா. ஸ்ரீரங்கத்தை ரெண்டு முறையிலும் அடிங்க. ரெண்டு மூணு ஃபான்ட் மாத்திப் பாருங்க. எல்லா ஃபான்ட்லயும் உடைஞ்சா செயலி மேல சந்தேகப்படுங்க, ஒண்ணுல மட்டும் உடைஞ்சா ஃபான்ட் மேல. அப்புறம் நாலு விஷயம் எழுதி அனுப்புங்க: எந்தப் பதிப்பு, எந்த ஃபான்ட், காப்பி பண்ணக்கூடிய மாதிரி அந்தச் சொல், தப்பா வந்த படத்தோட சரியான வடிவத்தோட படமும். அந்தக் கடைசிப் படம் ரொம்ப முக்கியம். அதைப் பார்க்கறவருக்குத் தமிழ் தெரியாது.

அடுத்த எபிசோட்ல தமிழ்99 விசைப்பலகை எப்படி முடிவாச்சுன்னு பேசலாம். உங்க ஊர் பேர் எந்தச் செயலியிலயாவது உடைஞ்சு வந்தா கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து எந்த அடுக்குன்னு கண்டுபிடிப்போம்.